சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா: கண்ணுக்கு நிறைவு, காதுக்குக் குறை

பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போகாமல் சென்னையிலேயே தங்கிவிட்டவர்கள், நுழைவுச்சீட்டு எதுவும் வாங்காமல், குழந்தைகளையும் வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு போய் உட்காரத்தக்க மாலை நிகழ்ச்சி எது என்று கேட்டால், ‘சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’ என்று தயங்காமல் சொல்வேன். அரசு விழா என்றாலே பொன்னாடையும் வரவேற்புரையும்தான் என்று ஒதுங்குகிறவர்கள் தொடக்க நாளை மட்டும் விட்டுவிட்டு அடுத்த நாள்களில் போகலாம். அப்போது மேடை கலைஞர்களின் கையில் இருக்கும். ஆனால் இந்த விழா கண்ணுக்குத் தரும் நிறைவைக் காதுக்குத் தருவதில்லை. ஆட்டக் கலைகள் இதில் செழிக்கின்றன. கதை சொல்லும் கலைகள் மூச்சு வாங்குகின்றன. எழுத்தாளர்களோ விழாவை விட்டே விலகி வேறு அரங்குகளுக்குப் போய்விட்டார்கள். சங்கமத்தைப் பற்றி எனக்குள்ள ஒரே பெரிய மனத்தாங்கல் இதுதான் என்பதால் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்.

விழாவின் வரலாறு பலருக்கும் தெரிந்ததே. 2007 பிப்ரவரியில் தமிழ் மையம் என்ற அமைப்பும் தமிழ்நாடு அரசின் சுற்றுலா, பண்பாட்டுத் துறையும் சேர்ந்து இதைத் தொடங்கின. கனிமொழியும் அருட்தந்தை ஜெகத் கஸ்பர் ராஜும் முன்னின்று நடத்தினார்கள். அடுத்த ஆண்டிலிருந்து பொங்கலை ஒட்டி நடந்துவந்த விழா, 2011 ஆட்சி மாற்றத்துக்குப் பின் நின்றுபோயிற்று. 2023 ஜனவரியில் கலை பண்பாட்டுத் துறையின் பொறுப்பில், ‘நம்ம ஊரு திருவிழா’ என்ற சேர்க்கையோடு தீவுத்திடலில் மீண்டும் தொடங்கியது. 2025இல் ஜனவரி 13 அன்று கீழ்ப்பாக்கத்தில் தொடக்க விழா நடந்தது. அதை அடுத்த நான்கு மாலைகளிலும் நகரின் 18 இடங்களில் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை நிகழ்ச்சிகள் நடந்தன. ஓர் ஆட்சியோடு வந்து ஓர் ஆட்சியோடு போகிற விழா என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அது பொய்யென்று வாதிட முடியாது. பன்னிரண்டு ஆண்டு இடைவெளியே அதற்குச் சாட்சி.

இடத் தேர்வைத்தான் முதலில் பாராட்ட வேண்டும். தி.நகர் நடேசன் பூங்கா, ராயபுரம் ராபின்சன் பூங்கா, கே.கே. நகர் சிவன் பூங்கா, கொளத்தூர் மாநகராட்சித் திடல், அண்ணாநகர் கோபுரப் பூங்கா, பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை என்று மக்கள் ஏற்கெனவே மாலையில் நடக்கவும் காற்று வாங்கவும் வருகிற இடங்களாகப் பார்த்து மேடை போட்டிருக்கிறார்கள். கலையைத் தேடி மக்கள் போக வேண்டியதில்லை. நடைப்பயிற்சிக்கு வந்தவர் மேளச் சத்தம் கேட்டு நின்று, நின்றவர் உட்கார்ந்து, உட்கார்ந்தவர் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லி மற்றவர்களையும் வரவழைப்பதை எந்தப் பூங்காவிலும் பார்க்கலாம். 1928இல் தொடங்கப்பட்ட மியூசிக் அகாடமி நடத்தும் டிசம்பர் கச்சேரிகளும் அதைச் சுற்றி வளர்ந்த சபாக்களின் இசை விழாக்களும் அடங்கிய சில நாள்களிலேயே சங்கமம் வந்துவிடுகிறது என்பதால், ஒரே நகரம் மூன்று நான்கு வாரங்களுக்குள் இரண்டு விதமான அவைகளைக் கூட்டுவதை நாம் காண முடிகிறது. சபாவின் வாசலைத் தாண்டத் தயங்குகிறவர் ராபின்சன் பூங்காவில் முன்வரிசையில் இருப்பார். 1949இல் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கிவைத்த அதே பூங்கா அது. கொட்டும் மழையில் கூட்டம் கேட்ட வடசென்னைக்குத் திறந்தவெளி மேடையின் முன் உட்காரும் பழக்கத்தை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆட்டங்களில் முதலிடம் பறைக்கே. அந்த இசையைச் சரியாக அறிய விரும்புகிறவர்கள் நிகழ்ச்சி தொடங்குவதற்குச் சற்று முன்பே போய் மேடையின் பக்கவாட்டில் நிற்க வேண்டும். வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி, அந்த அனலில் பறையின் தோலைக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, போதாதென்றால் மறுபடியும் காட்டி, தொய்ந்த தோல் விறைத்து உலோகம்போல ஒலிக்கும் வரை கலைஞர்கள் விடமாட்டார்கள். தோளில் மாட்டிய பிறகு, தடித்துக் குட்டையான அடிக்குச்சி ஒரு கையிலும், மெலிந்து நீண்ட சிண்டுக்குச்சி மறு கையிலும் ஏறும். அடிக்குச்சி தோலின் நடுவைத் தாக்க, சிண்டுக்குச்சி விளிம்பைச் சுண்டும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் குதிப்பும் சுழற்சியும்தான் தெரியும். அருகில் இருந்தால், ஆடும் கால் எந்த அடியில் மாறுகிறதோ அந்த அடியில் சிண்டுக்குச்சியின் ஓசையும் மாறுவது தெரியும். ஆட்டமும் அடியும் இரண்டல்ல என்பது அந்த நெருக்கத்தில் விளங்கிவிடும். பூங்காவின் மேடை தாழ்வாக இருப்பதால் இந்த நெருக்கம் எளிதாகக் கிடைக்கிறது. பெரிய திடல்களின் உயர்ந்த மேடைகளில் கிடைப்பதில்லை. ஆகவே பறைக்குத் திடலைவிடப் பூங்காவே மேல் என்பது என் கணிப்பு.

கரகாட்டமும் இங்கே மரியாதையோடு வைக்கப்படுகிறது. கிராமத்துத் திருவிழாக்களில் அதனோடு ஒட்டிக்கொண்டுவிட்ட இரட்டை அர்த்த வசனமும் திரைப்பாட்டும் விலக, நையாண்டி மேளத்தின் நாகசுரமும் தவிலும் பம்பையும் முன்னுக்கு வருகின்றன. தலையில் இருக்கும் செம்பு அசையாமல், கீழே உடம்பு முழுவதும் அசைந்துகொண்டிருக்கும் அந்தக் கணக்கை மக்கள் வாய் மூடிப் பார்க்கிறார்கள். கோவைப் பக்கத்தின் துடும்பாட்டம் தன் பேரொலியாலேயே கூட்டத்தை எழுப்பிவிடும். ராஜகம்பளத்தார் சமூகத்தினரின் தேவராட்டம் அதற்கு நேர்மாறானது; தேவதுந்துபி என்னும் உறுமியின் கட்டளைக்குக் கைக்குட்டை வீசி வரிசையாக ஆடும் அந்த ஆட்டத்தில் ஒருவர் தனித்துத் தெரிய முயல்வதேயில்லை. வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்துப் பரப்பிய மேட்டுப்பாளையம் பத்ரப்பன் 2024இல் பத்மஸ்ரீ பெற்ற பிறகு, அந்தக் கும்மி எந்த மேடைக்கு வந்தாலும் கூடுதல் கைத்தட்டல் விழுகிறது. பொய்க்கால் குதிரையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. குழந்தைகள் அதை விட்டு நகர்வதில்லை என்பதே போதும்.

இதுவரை சொன்னவை எல்லாம் இந்த விழாவின் அமைப்புக்குப் பொருந்திய கலைகள். பத்து நிமிடம் ஆடினாலும் பறை பறைதான். இருபது நிமிடம் ஆடினாலும் கரகம் கரகம்தான். மூன்று மணி நேரத்தில் ஐந்தாறு குழுக்கள் ஏறி இறங்க வேண்டிய மேடையில் ஒரு குழுவுக்கு அரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது என்கிற நிலையில், தாளத்தை நம்பிய கலைகள் தப்பித்துக்கொள்கின்றன. கதையை நம்பிய கலைகளுக்கு அந்த வசதி கிடையாது.

வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்ளலாம். காப்புப் பாடி, சொல்லப்போகும் கதையை அறிவித்து, குருவை வணங்கி, அவையடக்கம் சொல்லி, நாட்டு வளம் பாடி, அதன் பிறகுதான் புலவர் கதைக்குள் நுழைவார். முடிவில் வாழி பாடி இறங்குவார். நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் கொடை எனப்படும் கோயில் திருவிழாக்களில் இரவிரவாக விரியும் இந்த வரிசையை அரை மணிக்குள் அடக்கினால், ஒன்று முன்பகுதி போக வேண்டும், அல்லது கதை போக வேண்டும். முத்துப்பட்டன் கதை என்றே வைத்துக்கொள்வோம். பிராமணக் குடும்பத்தில் பிறந்த பட்டன், செருப்புத் தைக்கும் சாதியைச் சேர்ந்த வாலப்பகடையின் மகள்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்க விரும்பி, அதற்காகப் பூணூலை அறுத்து, செருப்புத் தைக்கக் கற்று, மாமனாரின் மாடுகளைக் காக்கப் போன இடத்தில் உயிரை விடுகிற கதை அது. பாபநாச மலையின் சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவர்கள் இன்றும் வழிபடப்படுகிறார்கள். பட்டன் செருப்போடு வாலப்பகடையின் முன் வந்து நிற்கும் இடம்தான் அந்தக் கதையின் உயிர். அந்த இடத்துக்கு வருவதற்கு முன் அவன் விட்டுவந்த வீட்டைக் கேட்பவர் அறிந்திருக்க வேண்டும், அந்தப் பெண்களின் பாட்டைக் கேட்டிருக்க வேண்டும், வாலப்பகடையின் கோபத்தில் உள்ள நியாயம் புரிந்திருக்க வேண்டும். இவை இல்லாமல் செருப்பை மட்டும் காட்டினால் அது வெறும் தகவல். 2022இல் மறைந்த சுப்பு ஆறுமுகம் வில்லுப்பாட்டை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் ஏற்பச் சுருக்கியவர்தான். ஆனால் அவர் அந்தக் குறுகிய அளவுக்கென்றே புதிய கதைகளையும் புதிய பேச்சையும் ஆக்கிக்கொண்டார். கொடைக்குப் பாடும் கதையை அப்படியே எடுத்து வாலையும் தலையையும் நறுக்குவது அதைப் போன்றதன்று.

கணியான் கூத்துக்கு நேர்வது இன்னும் கடுமையானது. நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் சுடலைமாடன் கோயில் கொடைக்கு இன்றியமையாத இந்தக் கூத்தைக் கணியான் என்னும் பழங்குடியினர் மட்டுமே நிகழ்த்துகிறார்கள். தலைமைப் பாடகரான அண்ணாவி காதருகே கையை வைத்துக்கொண்டு உச்சக் குரலில் பாட, பெண் வேடம் கட்டிய ஆண்கள் ஆட, உச்ச மகுடம், மந்த மகுடம் என்னும் இரு தோல் கருவிகளும் எதிரும் புதிருமாகப் பேசும். கயிலாயத்தில் விளக்குச் சுடரிலிருந்து பிறந்த பிள்ளை சுடுகாட்டுப் பிணத்தைத் தின்று, அதனால் கயிலாயத்தை விட்டு இறங்கி மண்ணுக்கு வந்து காவல் தெய்வமாகிறது என்பது அவர்கள் பாடும் சுடலையின் கதை. நள்ளிரவுக்குப் பின், சாமியாடியும் ஊராரும் கூடியிருக்கும் வேளையில், கலைக்கும் வழிபாட்டுக்கும் இடையே கோடு போட முடியாத நிலையில் நிகழ்வது அது. சென்னைப் பூங்காவில் அந்தச் சடங்கை எதிர்பார்ப்பது முறையாகாது. அதைக் காட்சிப்பொருளாக்கக் கேட்பதும் தவறு. ஆனால் கதையையாவது கேட்கலாம் அல்லவா? மகுடத்தின் வேகத்தில் மயங்கிய கூட்டம் கைத்தட்டி முடிப்பதற்குள் அடுத்த குழுவின் பெயரை அறிவிக்க வேண்டிய அமைப்பில், அண்ணாவியின் பாட்டு வெறும் ஓசையாகவே நின்றுவிடுகிறது.

தெருக்கூத்து நடிகர் முகத்துக்கு அரிதாரம் பூசி, தோளிலும் மார்பிலும் கட்டைகளைக் கட்டி, கிரீடம் தரித்து எழுவதற்கு ஆகும் நேரம், சங்கம மேடையில் அவர் ஆடக் கிடைக்கும் நேரத்தைவிட நிச்சயம் அதிகம். திரைக்குப் பின்னால் நின்று, தன்னை இன்னாரென்று சொல்லாமல் சொல்லிக்கொண்டே மெல்ல வெளிப்படும் துரியோதனனுக்கு அந்த வருகையே ஒரு நாடகம். கோமாளியான கட்டியங்காரன் அவனைக் கேலி செய்ய வேண்டும், அவன் சினக்க வேண்டும், முகவீணை என்னும் குழல் கருவி அந்தச் சினத்தைப் பிடித்து நீட்ட வேண்டும். வருகை முடிந்ததும் நேரமும் முடிந்துவிட்டால், கூத்துப் பார்த்தோம் என்பதைவிட வேடம் பார்த்தோம் என்பதே பொருத்தம். தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும், அலங்காநல்லூர்ப் பறையிசை ஆசான் வேலு ஆசானுக்கும் 2025 குடியரசு நாளை ஒட்டிப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது, அந்த ஆண்டுச் சங்கமம் முடிந்து சில நாள்களே ஆகியிருந்தன. ஒரே பட்டியலில் இடம்பெற்ற இருவரின் கலைகளில் ஒன்று இந்த விழாவில் முழுதாகக் காணக் கிடைக்கிறது, மற்றொன்று மாதிரியாகத்தான் கிடைக்கிறது.

நகரத்து மக்களுக்கு இரவெல்லாம் உட்காரப் பொறுமை இல்லை, ஆகவே இப்படித்தான் செய்ய முடியும் என்பது இதற்கு வழக்கமாக வரும் பதில். நான் அதை ஏற்பதற்கில்லை. 1975இல் மதுரையில் தோன்றிய தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1980களிலிருந்து நடத்திவந்த கலை இலக்கிய இரவுகளுக்குத் திருவண்ணாமலையிலும் பிற ஊர்களிலும் தெருவில் அமர்ந்து விடியும்வரை கேட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அந்த மேடையில் கவிஞர் வாசித்து இறங்கியதும் பறை ஏறும். பறை இறங்கியதும் ஓர் எழுத்தாளர் அரை மணி நேரம் கதை சொல்வார். அதற்கடுத்து ஒரு வீதி நாடகம். எழுத்தும் ஆட்டமும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்த காலம் அது. ஆனால் அவர்களுக்கு அரசு இயந்திரமும் இல்லை, மாநகராட்சிப் பூங்காவும் இல்லை. இருந்ததெல்லாம் இரவு முழுவதும் கையில் இருக்கிறது என்கிற நிதானம் ஒன்றே.

சங்கமமும் தொடக்க காலத்தில் இதை அறியாமல் இல்லை. கவிதை வாசிப்புகளும் இலக்கிய அரங்குகளும் அப்போது இவ்விழாவின் ஒரு கிளையாகவே இருந்தன. மீண்டு வந்த விழாவில் அந்தக் கிளை இல்லை. இலக்கியம் பொது நூலக இயக்ககத்தின் பொறுப்பில் தனி விழாக்களாகப் பிரிந்துவிட்டது. 2022 நவம்பரில் நெல்லையில் நடந்த பொருநை இலக்கியத் திருவிழாவைத் தொடர்ந்து வைகை, காவிரி, சிறுவாணி என்று வரிசையாக விழாக்கள் அறிவிக்கப்பட்டு நடந்தன; 2023 ஜனவரி 6 முதல் 8 வரை சென்னை இலக்கியத் திருவிழா அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நடந்தது. அவற்றின் நிகழ்ச்சி நிரல்கள் சிறப்பானவை; தலித் எழுத்து, பெண்ணெழுத்து, பழங்குடியினர் வாழ்வு, திருநர் எழுத்து என்று பல தரப்பினரின் எழுத்துக்கும் அங்கே இடம் இருந்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: நூலகத்தில் எழுத்தாளர்கள் பேசி முடித்த ஐந்தாம் நாள் தீவுத்திடலில் கலைஞர்கள் ஆடத் தொடங்கினார்கள். அதே நாள்களில் நந்தனத்தில் புத்தகக் காட்சியும் நடந்துகொண்டிருந்தது. கரிசல் நாட்டை எழுதியவர் நந்தனத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க, கரிசல் நாட்டிலிருந்து வந்த ஆட்டக்காரர் சில கிலோமீட்டர் தள்ளித் தி.நகரில் ஆடிக்கொண்டிருக்கிறார். இருவரையும் ஒரு மேடையில் அரை மணி நேரம் உட்காரவைக்க ஆகும் செலவு ஒரு வாடகைக் கார்.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. இந்தக் கலைகள் வெறும் அழகுக்காக ஆடப்பட்டவை அல்ல. பறையைச் சாவுக்கு அடிப்பது ஒரு சாதியின் கட்டாயக் கடமையாக இருந்தது. அடிக்க மாட்டோம் என்று மறுத்த போராட்டங்கள் தமிழக ஊர்களில் நடந்தன. அதன் பிறகு அதே பறையை விடுதலையின் இசையாக எடுத்துக்கொண்ட தலித் கலைக்குழுக்கள் வந்தன. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு பெண்கள் கையில் பறையைக் கொடுத்தது. இவ்வளவும் நடந்த பிறகுதான் அது நடேசன் பூங்காவுக்கு வந்திருக்கிறது. அறிவிப்பாளர் கலையின் பெயரையும் மாவட்டத்தின் பெயரையும் சொல்லி நிறுத்திக்கொண்டால், பார்ப்பவர் மனத்தில் அது ‘நமது பாரம்பரியம்’ என்கிற இனிப்பான சொல்லுக்குள் கரைந்துவிடும். தோடர்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த புத்துக்குளியைப் போர்த்துக்கொண்டு வட்டமாக நின்று பாடுவதை வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு, அந்தப் பாட்டில் எந்த எருமையின் பெயர் வருகிறது, எந்த மலையின் பெயர் வருகிறது என்று இரண்டு வாக்கியம் சொல்லக்கூடிய ஓர் எழுத்தாளரோ ஆய்வாளரோ அருகில் இருக்க வேண்டும். அந்த அறிமுகத்தைப் படித்தவர்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. ஆடுகிறவரே ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசினால் இன்னும் நல்லது. சிறிது நேரம் பேச விட்டால் அவர்களைவிடத் தெளிவாகச் சொல்ல ஆளில்லை.

சென்னையிலேயே இதற்கு வேறு வழிகள் காட்டப்பட்டிருக்கின்றன. 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர்களோடு சேர்ந்து கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன் உள்ளிட்டவர்கள் தொடங்கிய குப்பம் விழா, கர்நாடக இசையையும் பரதத்தையும் கூத்தையும் பறையையும் மீனவர் குடியிருப்பின் கடற்கரையில் ஒன்றாக வைத்தது. யார் யாருடைய இடத்துக்கு வருகிறார்கள் என்பதே அந்த விழா எழுப்பிய கேள்வி. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ கானாவையும் ஒப்பாரியையும் ‘ராப்’ எனப்படும் சொல்லிசையையும் மார்கழி மாதத்துக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தியது. இரண்டுமே சங்கமத்தோடு ஒப்பிட அளவில் சிறியவை; 18 இடங்களில் ஒரே நேரத்தில் மேடை போடும் வலிமை அவற்றுக்குக் கிடையாது. ஆனால் எதை யார் முன் ஏன் வைக்கிறோம் என்பதில் அவற்றுக்கு இருந்த தெளிவு, பெரிய விழாவுக்கு இன்னும் வரவேண்டியிருக்கிறது.

கலைஞர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறாகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர்களுக்குத் தை பிறந்தால்தான் வருமானம் பிறக்கும். தையிலிருந்து ஆடி வரை கோயில் திருவிழாக்கள், அதன்பின் மழைக்காலத்தில் கூலி வேலையும் கடனும். 2020இல் நோய்த்தொற்று ஊரடங்கு சரியாகப் பங்குனியில் வந்து ஒரு பருவத்தையே விழுங்கியபோது, பலர் இசைக்கருவியை அடகு வைக்கும் நிலைக்கு வந்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் பருவத்தின் தொடக்கத்திலேயே அரசு ஊதியம் தந்து தலைநகரில் நான்கு மாலை ஆடவைப்பது சிறிய உதவியன்று. ஆட்டம் முடிந்ததும் கூட்டத்திலிருந்து இளைஞர்கள் மேடைக்குப் பின்னால் போய்க் குழுத் தலைவரின் எண்ணைக் குறித்துக்கொள்வதையும், கல்யாணத்துக்கு வருவீர்களா, கல்லூரி விழாவுக்கு வருவீர்களா, எத்தனை பேர், என்ன ஆகும் என்று கேட்பதையும் பார்க்கலாம். சென்னைக் கல்யாண மண்டபங்களில் செண்டை மேளத்துக்கு இணையாகப் பறையும் ஒலிக்கத் தொடங்கியதில் இந்தப் பூங்கா மேடைகளுக்குப் பங்கு உண்டு. அந்த வகையில் குழுக்களின் எண்ணிக்கையைக் குறைத்து ஒவ்வொருவருக்கும் கூடுதல் நேரம் கொடுங்கள் என்று நான் கேட்க மாட்டேன். அது யாரோ ஒருவரின் நான்கு நாள் ஊதியத்தைப் பறிப்பதாகும்.

நான் கேட்பது வேறு. பதினெட்டு இடங்களில் பதினேழு இப்போது இருப்பதைப் போலவே இருக்கட்டும். ஒன்றை மட்டும் கதைக்கென்று ஒதுக்க வேண்டும். குடியிருப்புகளுக்குத் தொல்லையில்லாத தீவுத்திடல் போன்ற ஓர் இடத்தில், முதல் நாள் தெருக்கூத்து, இரண்டாம் நாள் வில்லுப்பாட்டு, மூன்றாம் நாள் கணியான் கூத்து, நான்காம் நாள் தோற்பாவைக்கூத்து என்று ஒரு மாலைக்கு ஒரே குழு. விடியும்வரை முடியாவிட்டாலும் ஒரு கதையாவது தொடங்கி முடியும் அளவுக்கு நேரம். அதற்கு முன்னால் அந்த நிலத்து எழுத்தாளர் ஒருவர் அந்தக் கதையைப் பற்றிப் பேச வேண்டும். கூட்டம் குறைவாகத்தான் வரும். வந்தவர்கள் எழுந்துபோக மாட்டார்கள். ஒலியமைப்பும் அங்கே வேறாக இருக்க வேண்டும்; பறைக்கும் துடும்புக்கும் பழகிய ஒலிபெருக்கியில் வில்லின் மணியோசை அமுங்கிவிடும், குடத்தின் ஓசை வெறும் தட்டலாகக் கேட்கும், உடன்பாடுகிறவர் ‘ஆமா’ போடும் அழகு காற்றோடு போய்விடும்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஒரே மாலையில் இரண்டு பூங்காக்களைப் பார்த்துவிடலாம் என்று திட்டமிட வேண்டாம். பொங்கல் நேரத்துப் போக்குவரத்து குறைவாக இருந்தாலும், வண்டி நிறுத்த இடம் தேடியே ஒரு நிகழ்ச்சி போய்விடும். ஆட்டங்களை விரும்புகிறவர்கள் ஆறு மணிக்கே போய், மேடைக்கு எதிரே நடுவில் அமர்வதைவிடப் பக்கவாட்டில் தாளக்காரர்கள் தெரியும்படி அமர்வது நல்லது. வில்லுப்பாட்டோ கூத்தோ இருக்கிறது என்று தெரிந்தால், அன்றைய நிகழ்ச்சி நிரலில் அது எத்தனையாவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி நிகழ்ச்சியாக இருந்தால் சற்றுக் கூடுதல் நேரம் கிடைக்க வாய்ப்புண்டு. கடற்கரை மேடைகளில் காற்று பாட்டைத் தின்றுவிடும் என்பதால் அங்கே சிலம்பாட்டமும் மல்லர் கம்பமும் பார்ப்பதே உத்தமம். உணவுக் கடைகளைப் பற்றிக் கேட்பீர்கள்: பல மாவட்டத்துப் பண்டங்கள் ஒரே இடத்தில் கிடைக்கின்றன, சுவை கடைக்குக் கடை மாறும், எட்டு மணிக்கு மேல் வரிசை நீளும். ஆகவே வயிற்றை ஏழு மணிக்கே கவனித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், கடைசிக் குழு மேடையேறும்போது உங்கள் இடம் உங்களுக்கே இருக்கும்.